நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி

கீழே மாவு மில் எட்டு மணிக்கு நிற்கும்.
அதற்குப் பிறகுதான் முத்தியால்பேட்டையில்
என் அறைக்கு மௌனம் வரும்.

பதினொரு குரல், ஒரு கீபோர்டு.
வில்லியனூர் மாதா கொடியேற்றத்துக்குள்
கொடுத்தாக வேண்டும்.
ஒன்பதாவது குரலுக்கு எதிரொலி போட்டதும்
கம்ப்யூட்டர் திணறுகிறது.
'கருணை'யில் 'கரு' வரை வந்து
நிற்கிறது.
விசிறி மட்டும் மேலே ஏறி ஏறிப் பாடுகிறது.

சீட்டு எடுத்ததில் கைக்கு வந்தது
முப்பத்தோராயிரம்.

கலீமுல்லா டீக்கடை ரசீதின் பின்பக்கம்
எழுதியே கொடுத்துவிட்டான்:
மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி.
"நூறு அறை கிடைக்கும் ஜெசிந்தா.
கோயில், குகை, கிணறு, கல்யாண மண்டபம்,
யாரை எங்கே வேண்டுமோ நிறுத்திப் பாடவை.
அந்தப் பெட்டியில் என்ன இருக்கு?
இந்த உப்புக்காத்துக்கு ஆறே மாசம்,
ஜாக்கெல்லாம் பச்சை பூத்திடும்."

அவன் சொல்வது சரி.
அவன் சொல்வது சரியாக இருக்கும்போதெல்லாம்
எனக்கு எங்காவது கிளம்பத் தோன்றும்.
அரியாங்குப்பம் போனேன்.

லெயோன் மகளுடைய பழைய பள்ளிச் சட்டையால்
பெட்டியைத் துடைத்து வைத்தான்.
செங்கல்லைவிடத் தட்டை. நான்கு குமிழ்.
ஒரு சிவப்பு விளக்கு, கொஞ்சம் யோசித்து எரிந்தது.
பதினெட்டாயிரம், பேரம் கிடையாது,
வேண்டுமானால் ஒரு வாரம் வைத்துப் பார்.
ஏன் விற்கிறாய் என்றேன்.
"கம்ப்யூட்டருக்கு ராம் போடணும்."

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
டிவிடி பிளேயரா என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.
ஆமாம் என்றேன்.

இரவு, கலீமுல்லாவின் கண்ணைக் கட்டி
ஆறு முறை கேட்கவிட்டேன்: எது பெட்டி, எது கம்ப்யூட்டர்?
மூன்று சரி, மூன்று தப்பு.
பிறகு என் கண்ணை அவன் கட்டினான்.
எனக்கு இரண்டுதான்.
அதைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை,
தேவைக்கு அதிக நேரம்.

ஆனால் பெட்டிக்கு அவசரம் தெரியாது.
கம்ப்யூட்டர் ஒரு பாட்டை
இருபது நொடியில் செய்து தள்ளிவிடும்,
யாரும் கேட்காமலே.
பெட்டி வழியே போனால்
நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடிப் பாட்டு
நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி போகும்.
எழுந்து தண்ணீர் குடிக்கலாம்,
ஆனாலும் குடிக்கவில்லை.
குமிழ்கள் நின்ற இடத்தை வேறு
பென்சிலால் குறித்துவைக்க வேண்டும்:
ஒன்பதரை மணி, பன்னிரண்டு, ஏழு, இரண்டு.

மூன்றாவது நிமிடம் தாண்டியதும்
யாரோ ரகசியமாகச் சொன்னார்கள்,
"ஸ்தெல்லா, பக்கத்தைத் திருப்பு."
பதினோரு நாளாக அது அங்கேயே இருந்திருக்கிறது.
அழித்தேன்.
கொஞ்ச நேரம் கழித்து
அழித்ததை அழித்தேன்.

இருப்பது ஒரே பெட்டி என்பதால்
பதினொரு பேரையும் ஒன்றாக அனுப்பியிருந்தேன்.
இதுவரை ஆளுக்கொரு கோயில் கட்டிக்கொடுத்து
தனித்தனியே பாடவைத்தவள்.
முதல் முறையாக ஒரே கூரை.
ரொசாலி மூச்சு வாங்கினால்
பக்கத்தில் நிற்பவள் காத்திருப்பது தெரிந்தது.

கலீமுல்லா ஹெட்போனைக் கழற்றினான்.
"இதைக் கம்ப்யூட்டரிலேயே செய்யலாமே.
ஒரு எதிரொலி போட்டு எல்லோரையும் அதுக்கு அனுப்பு.
ராமும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம்."
செய்து பார்த்தோம்.
திணறவில்லை.
'கருணை' முழுதாக வந்தது.

ஓசியில் கிடைத்த தீர்வின் முன்னால்
இரண்டு பேரும் சற்று அவமானத்தோடு உட்கார்ந்திருந்தோம்.

ஏழாம் நாள். லெயோன் போன் செய்தான்.
ராம் விலை ஏறுதாம், மாலைக்குள் சொல் என்றான்.
கீழே மில் ஓடத் தொடங்கிவிட்டது.
மேஜை அதிர்ந்த அதிர்வில்
நான்காவது குமிழ் மயிரிழை நகர்ந்து
இரண்டு மணி, இரண்டேகால் ஆகியிருக்கிறது.
எங்கேயோ வைத்துவிட்டு
பென்சிலைத் தேடுகிறேன்.